கல்லும் சொல்லும்

நோய்கள் இருவகைப்படும். பிறர் கண்ணுக்குப் புலனாவன ஒருவகை. நோயுற்றோர் உள்ளத்துள்ளே ஒளிந்து நிற்பன மற்றொருவகை. காய்ச்சல் கண்டவனை வெப்பமானி காட்டிக்கொடுக்கும். கால் முறிந்தவனை அவன் நடையே காட்டிக்கொடுக்கும். உள்ளத்தில் வேரூன்றி உடலை அரிக்கும் நோயை எக்கருவி கொண்டு அறிவது? அதனை அறிதற்கு மருத்துவரிடம் உள்ள முதற்கருவி வினாவே ஆகும். உரிய வினாவை உரிய முறையில் கேட்டால், மறைந்துள்ள நோய் விடையில் வெளிப்படும். வினா பிழைபட்டால் விடையும் பிழைபடும். நோயும் மறைந்தே வளரும்.

அத்தகைய நோய்களுள் ஒன்று, உண்ணுதல் பற்றிய கோளாறு. உணவு கிடையாமையால் வரும் பட்டினி வேறு. உணவு முன்னே இருந்தும் உண்ண அஞ்சும் நோய் வேறு. இந்நோய்க்கு ஆட்பட்டவர், உடல் மெலிந்து நலிந்த நிலையிலும் தம்மைப் பருத்தவராகவே கருதுவர். ஒரு கவளம் கூடுதலாக உண்டாலும் பெரும்பிழை செய்தாற்போல் வருந்துவர். 1873-ஆம் ஆண்டில் லண்டனிலும் பாரிஸிலும் இரு மருத்துவர் இதனைத் தனித்தனியே விளக்கி உரைத்தனர். 'அனோரெக்ஸியா நெர்வோசா' என்பது இதன் மருத்துவப் பெயர். அடக்க மாட்டாமல் அளவிறந்து உண்பதும், பின்னர் அஞ்சி அதனை வெளியேற்ற முயல்வதுமாகிய வேறொரு வகையை 1979-ஆம் ஆண்டில் ஜெரால்டு ரஸ்ஸல் என்னும் மருத்துவர் விளக்கினார். அது 'புலிமியா நெர்வோசா' எனப்படும். இளம்பெண்களிடத்தே இவை மிகுதியாகக் காணப்படினும், இளைஞரும் இவற்றுக்கு விலக்கானவர் அல்லர். உள்ளத்து நோய்களுள் உயிரிழப்பு மிகுதியாக நேர்வனவற்றுள் அனோரெக்ஸியாவும் ஒன்று. காலத்தே கண்டு மருத்துவம் செய்தால் நலம் பெறுவோர் பலர். காலத்தே காண்பதுதான் அரிது. இந்நோயுற்றோர் தம் துன்பத்தைப் பிறர்க்குச் சொல்லார்; தமக்கும் ஒப்புக்கொள்ளார்.

இவ்விடர்ப்பாட்டைக் குறைக்கும் நோக்குடன், 1999-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஜான் மார்கன், ஃபியோனா ரீட், ஹியூபர்ட் லேசி என்னும் மூவர் சிறியதொரு வினாப்பட்டியலை வெளியிட்டனர். அதில் உள்ளவை ஐந்து வினாக்களே. வயிறு நிறைந்த வருத்தத்தால் உண்டதை வெளியேற்றுவதுண்டா, உண்ணும் அளவு தம் கட்டுக்கு அடங்காமற் போயிற்று என்னும் கவலை உண்டா, அண்மையில் எடை பெரிதும் குறைந்ததா, பிறர் மெலிந்திருப்பதாகக் கூறியும் தம்மைப் பருத்தவராக நினைப்பதுண்டா, உணவு பற்றிய எண்ணமே வாழ்வை ஆள்கின்றதா என்பன அவற்றின் கருத்து. 'ஆம்' என்னும் விடை இரண்டோ அதற்கு மேலோ வருமாயின் மேலும் ஆராய வேண்டும் என்பது விதி. ஐந்து வினாக்களின் தலைமைச் சொற்களிலிருந்து முதலெழுத்துகளைத் திரட்டி, அதற்கு 'ஸ்காஃப்' என்று பெயரிட்டனர். இங்கிலாந்து மக்களின் பேச்சு வழக்கில் அச்சொல்லுக்கு 'ஆவலோடு விழுங்குதல்' என்பது பொருள். நோயுற்ற பெண்கள் 116 பேரிடமும், நலமுள்ள பெண்கள் 96 பேரிடமும் இதனைக் கேட்டுப் பார்த்தனர். நோயுற்ற அனைவரையும் அது சுட்டிக் காட்டியது; நலமுள்ளவருள் 12 பேரைத் தவறாக ஐயுற்றது.

இத்தகைய வினாப்பட்டியலைச் சல்லடை என்று கூறுதல் பொருந்தும். சல்லடை பிரித்துக் காட்டும்; தீர்ப்புக் கூறாது. 'இன்னாரை மருத்துவர் ஒருமுறை காண்பது நன்று' என்று சொல்வதே அதன் தொழில். 'இன்னார்க்கு இந்நோய் உண்டு' என்று முடிவு கூறுதல், நேரில் இருந்து பேசி ஆராயும் மருத்துவரின் கடமையாகும்.

இனி, ஸ்பெயினிலும், தென்னமெரிக்காவிலும், மெக்ஸிகோவிலும் வாழும் பல கோடி மக்களின் மொழி ஸ்பானிய மொழி. அந்நாடுகளிலும் இந்நோய் உண்டு. அங்குள்ள மருத்துவர்க்கும் சல்லடை வேண்டும். 'அதற்கென்ன தடை? ஆங்கிலமும் ஸ்பானியமும் அறிந்த ஒருவரை அழைத்தால், ஐந்து வினாக்களைப் பெயர்த்தெழுத ஒரு நாழிகை போதாதா?' என்று வினவுவார் உளர். அவர் கூற்று முதற்பார்வையில் பொருத்தமாகவே தோன்றும். அவ்வைந்தனுள் ஒரு வினாவை மட்டும் எடுத்து ஆராய்ந்தாலே அதன் குறை புலனாகிவிடும்.

எடை குறைவு பற்றிய வினாவில், 'மூன்று மாதத்தில் ஒரு கல்லுக்கு மேல் எடை குறைந்ததா?' என்று மூலம் கேட்கிறது. கல் என்பது இங்கிலாந்தில் உடலெடை கூறுதற்கு வழங்கும் பழைய அளவு, 14 பவுண்டு கொண்டது, ஏறத்தாழ 6.35 கிலோகிராம். அந்நாட்டுப் பாட்டியும் பேர்த்தியும் இதனை எளிதில் அறிவர். ஸ்பெயின் நாட்டுப் பெண்ணுக்கோ கல் என்பது தெருவிற் கிடக்கும் கல்லே. ஆதலின் ஸ்பானிய வடிவத்தில் 6 கிலோகிராம் என்று மாற்றி அமைத்தனர். 6.35 என்று நுணுக்கமாகப் பெயர்த்திருந்தால் கணக்குப் பிழையாது. கேட்பவர்க்கு வினா விளங்காது. தம் உடலெடையைப் பின்ன எண்ணில் நினைவு வைத்திருப்பார் யாவர்? எண்ணைச் சற்றே மாற்றியதனால் வினா உயிர் பெற்றது.

முதல் வினாவில் வேறோர் இடர் உண்டு. 'சிக்' என்னும் ஆங்கிலச் சொல் நோயையும் குறிக்கும், வாந்தியையும் குறிக்கும். இங்கே வாந்தியே கருத்து. அகராதியை மட்டும் நம்பி நோயைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லை இட்டுத் தொடரை அமைத்தால், 'நோயாளிபோல் நடிப்பதுண்டா?' என்னும் பொருள் வந்துவிடும். துன்புற்றுக் கிடக்கும் பெண்ணை நோக்கி, 'நீ நடிக்கிறாயா?' என்று கேட்டால், அவள் அதன்பின் வாய் திறப்பாளா?

இலக்கணமும் தன் பங்குக்கு இடர் செய்யும். ஆங்கிலத்தில் 'பருத்த', 'கவலையுற்ற' என்னும் பொருள்படும் சொற்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்கும். ஸ்பானியத்திலோ அத்தகைய சொற்கள் பெரும்பாலும் பால் காட்டும்; 'கோர்தோ' என்றால் பருத்தவன்; 'கோர்தா' என்றால் பருத்தவள். வினாவைப் பெண்பாலில் மட்டும் எழுதினால், இந்நோயுற்ற இளைஞன் 'இஃது எனக்குரியதன்று' என்று ஒதுங்குவான். தமிழில் நீ, நீங்கள் என்னும் வேறுபாடு இருத்தல்போல ஸ்பானியத்திலும் 'தூ', 'உஸ்தெத்' என இரண்டு உள. அர்ஜென்டினாவிலோ 'தூ' என்பதன் இடத்தில் 'போஸ்' வழங்குகிறது. பதினைந்து வயதுச் சிறுமியிடம் எச்சொல்லால் பேசுவது? மிகுந்த மரியாதை அவளை அச்சுறுத்தும். மிகுந்த உரிமை சில நாடுகளில் இழிவாகத் தோன்றும். உள்ளத்தைத் திறக்கச் செய்யும் வினாவில் இது சிறு செய்தியன்று.

'கோர்தோ' என்னும் சொல்லின் வரலாறும் எண்ணத்தக்கது. ஸ்பெயினில் கிறிஸ்துமஸ் பரிசுச்சீட்டின் முதற்பரிசை 'எல் கோர்தோ' என்று மக்கள் மகிழ்ந்து அழைப்பர். அர்ஜென்டினா முதலிய நாடுகளில், கணவன் மனைவியையும் தாய் குழந்தையையும் இச்சொல்லால் செல்லமாக விளிப்பதுண்டு; அங்கே உடற்பருமனுக்கு இடமேயில்லை. அளவிறந்த உண்டியைக் குறிக்க மருத்துவர் ஆளும் 'அட்ராகோன்' என்னும் சொல்லும் இத்தகையதே. திருநாளில் விருப்பமான பண்டத்தை வயிறார உண்டவனும் அச்சொல்லையே சிரித்துக்கொண்டு கூறுவான். 'தோர்த்தில்லா' என்றால் ஸ்பெயினில் முட்டையாற் செய்த பண்டம். மெக்ஸிகோவில் மக்காச்சோள மாவினால் தட்டிய அடை. உணவின் பெயரைச் சுட்டும் வினா ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் சென்றால், எழுத்து மாறாமலே பொருள் மாறிவிடும். ஸ்பெயினில் இராவுணவு ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் உண்பது இயல்பு. 'இரவு காலங்கடந்து உண்பதுண்டா?' என்று வேற்று நாட்டார் வினவினால், நலமே வாழும் ஊர் முழுவதும் 'ஆம்' என்று விடையிறுக்கும்.

இவ்விடர்களைக் கடத்தற்கு அறிஞர் வகுத்த நெறி ஒன்று உண்டு. முதலில் இருவர், ஒருவரை ஒருவர் கலவாமல், வினாக்களைத் தனித்தனியே பெயர்ப்பர். பின்னர் இரண்டையும் ஒப்புநோக்கி ஒன்றாக்குவர். அடுத்து, மூலத்தைக் கண்டிராத ஒருவர் அப்பெயர்ப்பை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டு செல்வர். திரும்பி வந்த வினா புறப்பட்ட வினாவோடு ஒத்தால் வழியில் பொருள் சிந்தவில்லை என்று கொள்ளலாம். ஒவ்வாதாயின் எங்கே சிந்தியது என்று தேடலாம். இம்மறுபெயர்ப்பு முறையின் சிறப்பை ரிச்சர்டு பிரிஸ்லின் என்பார் 1970-ஆம் ஆண்டில் எடுத்து விளக்கினார். அதன்பின் மருத்துவரும் மொழியறிந்தோரும் ஒன்றுகூடி ஆராய்வர். இறுதியில், எவர்க்காக வினா எழுதப்பட்டதோ அவருள் சிலரை அழைத்து, 'இவ்வினாவுக்கு நீவிர் என்ன பொருள் கொண்டீர்?' என்று கேட்பர். அந்தச் சிலர் கூறும் விடையே இம்முறையின் உயிர்நாடி. கற்றோர் குழுவுக்குத் தெளிவாகத் தோன்றிய சொல், பள்ளிச் சிறுமிக்கு இருளாக இருத்தல் கூடும்.

இவ்வளவும் செய்தபின் பணி முடிந்ததா? இல்லை, பாதியே முடிந்தது. வினாவைத் தழுவி அமைத்தல் ஒரு கடமை. அது தன் தொழிலைச் செய்கின்றதா என்று சோதித்து நிறுவுதல் மற்றொரு கடமை. கடைக்காரர் புதிதாக எடைக்கல் வார்த்தால், வடிவம் பழைய கல்லைப் போலவே இருக்கின்றது என்பதற்காக அதனை எவரும் ஏற்பதில்லை. நிறை சரிபார்த்து முத்திரை இட்ட பின்னரே அது தட்டில் ஏறும். வினாப்பட்டியலுக்கும் அத்தகைய முத்திரை வேண்டும். நோயுற்றோர் சிலரிடமும் நலமுள்ளோர் சிலரிடமும் அதனைக் கேட்டு, மருத்துவர் நேரில் ஆராய்ந்து கண்ட முடிவோடு ஒப்பிட்டு, நோயுற்றோருள் எத்துணைப் பேரைப் பிடித்தது, நலமுள்ளோருள் எத்துணைப் பேரை விட்டது என்று கணக்கிட வேண்டும்.

இச்சோதனை வீண் சடங்கன்று என்பதற்கு நல்லதொரு சான்று உண்டு. 1979-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொரான்டோ நகரில் கார்னர், கார்ஃபிங்கல் என்னும் இருவர், உண்ணும் மனப்பான்மையை அளக்க நாற்பது வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்றை அமைத்தனர். மதிப்பெண் 30-ஐ எட்டினால் ஐயுறத்தக்கது என்பது அவர்கள் வகுத்த எல்லை. 1991-ஆம் ஆண்டில் காஸ்ட்ரோ, டோரோ முதலிய ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர், அதன் ஸ்பானிய வடிவத்தை அனோரெக்ஸியா நோயுற்ற 78 பேரிடமும் நலமுள்ள 78 பேரிடமும் சோதித்து, முடிவை வெளியிட்டனர். 30 என்னும் எல்லையை அவ்வாறே வைத்தபொழுது, நோயுற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 68 பேரையே அது கண்டறிந்தது. மூவருள் ஒருவர் சல்லடைக் கண்ணில் நழுவிப் போயினர். எல்லையை 20 ஆகக் குறைத்தபொழுது நூற்றுக்கு 91 பேர் அகப்பட்டனர். ஆனால், நலமுள்ளோரைச் சரியாக விலக்கும் திறன் நூற்றுக்கு 86-லிருந்து 69-க்கு இறங்கியது. சொல் ஒத்திருந்தும் எல்லை ஒத்திருக்கவில்லை. சோதியாது அப்படியே கையாண்டிருந்தால், நழுவிய மூன்றில் ஒரு பங்கினரை எவரும் அறிந்திரார்.

இவ்விரண்டு எல்லைகளுள் எது சிறந்தது? கணக்கிட்டுப் பார்த்தால் தெளிவு பிறக்கும். ஆயிரம் மாணவியர் உள்ள ஓரிடத்தில் 20 பேர்க்கு இந்நோய் உண்டு என வைத்துக்கொள்க. மேற்கூறிய அளவுகளின்படி, எல்லை 30 ஆயின், நோயுற்றோருள் ஏறத்தாழ 14 பேர் அகப்படுவர். 6 பேர் தப்புவர். நலமுள்ள 980 பேருள் ஏறத்தாழ 140 பேர் வீணே ஐயத்துக்கு ஆளாவர். எல்லை 20 ஆயின், நோயுற்றோருள் 18 பேர் அகப்படுவர். நலமுள்ளோருள் ஏறத்தாழ 300 பேர் ஐயத்துக்கு ஆளாவர். கூடுதலாக நால்வரைக் காப்பதற்கு, கூடுதலாக நூற்றறுபது பேரை அழைத்துப் பேசவேண்டும். அழைத்துப் பேச மருத்துவர் உளராயின் நால்வரின் உயிர்க்காக அவ்வுழைப்பு தகும். பேசுவார் ஒருவரும் இல்லாத இடத்தில், முந்நூறு பெண்களை 'நோயாளி' என்று பெயரிட்டு வீட்டுக்கு அனுப்புதல் கொடுமையாகும். இந்த முடிவைச் செய்ய வேண்டியவர் அவ்விடத்து மருத்துவர். அதற்கு வேண்டிய எண்களை அவர்க்குத் தருவது சோதனை ஒன்றே.

ஒருமொழி பேசுவோர் அனைவரும் ஒரே மக்கள் என்று எண்ணுதலும் தவறு. ஸ்காஃப் வினாக்களின் ஸ்பானிய வடிவத்தை, ஸ்பெயினில் கார்சியா-காம்பாயோ முதலியோர் பொது மருத்துவரை நாடி வந்தவரிடம் சோதித்து 2005-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அதே ஆண்டில், கடலுக்கு அப்பால் கொலம்பியா நாட்டு ஆராய்ச்சியாளரும் தம் நாட்டுப் பல்கலைக்கழக மாணவியரிடம் சோதித்த முடிவை வெளியிட்டனர். 'ஸ்பானிய மொழிதானே, எங்கோ ஓரிடத்தில் சோதித்தாற் போதும்' என்று அவர்கள் வாளா இருக்கவில்லை. அதுவே அறிவுடைமை.

வயதும் மொழியைப் போன்றதே. லண்டனில் முதலிற் சோதிக்கப்பட்ட பெண்கள் பதினெட்டு வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்டவர். அறுபது கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு 6 கிலோகிராம் என்பது பத்தில் ஒரு பங்கு. நாற்பது கிலோகிராம் எடையுள்ள பதின்மூன்று வயதுச் சிறுமிக்கோ அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ஆகிவிடும். மேலும், வளரும் பருவத்தில் எடை குறைதல் வேண்டுவதில்லை. ஏறவேண்டிய எடை ஏறாது நிற்பதே தீக்குறியாகலாம். 'எடை குறைந்ததா?' என்னும் வினாவுக்கு அச்சிறுமி 'இல்லை' என்று உண்மையே கூறுவாள். நோயோ உள்ளே இருக்கும். ஆதலின் பெரியோர்க்கு அமைந்த வினாவைச் சிறியோர்க்கு ஆளுமுன் மீண்டும் ஒருமுறை நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

'நோயாளர் காத்திருக்க, சோதனைக்கென ஆண்டுகளைச் செலவிடலாமா?' என்பது சிலர் எழுப்பும் தடை. இரக்கத்தால் எழுந்த தடை ஆதலின் இதனை எள்ளுதல் கூடாது. ஆயினும் சோதியாத சல்லடை காலத்தை மீத்துத் தருவதில்லை. நோயுற்ற மகளைத் தாய் அழைத்து வருகிறாள். பிழைபட்ட வினாக்களைக் கேட்டு, 'நோயொன்றும் இல்லை' என்று அனுப்பிவிடுகின்றனர். தாய் மனம் அமைதி பெறுகிறது. மகள் தன் மறைவுக்குள் மேலும் ஆழ்கிறாள். மருத்துவத்துக்குரிய மாதங்கள் வீணே கழிகின்றன. சல்லடையே இல்லாதிருந்தால் அத்தாய் ஐயத்தோடாவது இருந்திருப்பாள். பொய்யான ஆறுதல் அந்த ஐயத்தையும் பறித்துக்கொள்கிறது. 'அயலார் வினாக்கள் எதற்கு? அவ்வந்நாட்டார் தமக்கென வினா வகுத்துக்கொள்ளலாமே' என்பாரும் உளர். வகுத்துக்கொள்ளுதல் நன்றே. ஆனால், நாட்டுக்கொரு கோலால் அளந்தால், ஒரு நாட்டின் நோயளவை மற்றொரு நாட்டோடு ஒப்பிடுதல் அரிதாகும். தாமே வகுத்த வினாவுக்கும் முத்திரை வேண்டாமல் போகாது.

மாணவர் ஈண்டு உணரத்தக்கன இரண்டு. இவ்வினாக்கள் தோழர் ஒருவரையொருவர் சோதித்துப் பெயரிடுதற்கு உரிய விளையாட்டுப் பொருள்கள் அல்ல. உணவைக் கண்டு அஞ்சுவதும், உடலை எண்ணி ஓயாது வருந்துவதும் தமக்கோ தோழர்க்கோ நேருமாயின், அதனை மறையாது பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ கூறுதல் வேண்டும். அதில் நாணத்துக்கு இடமில்லை. இஃது ஒன்று. அயல்நாட்டிலிருந்து எக்கருவி வரினும், அதன் சொல்லை மட்டும் மாற்றி மனநிறைவு கொள்ளாது, தம் மக்களிடத்தே அது மெய் கூறுகின்றதா என்று ஆராய்ந்த பின்னரே கையாளுதல் வேண்டும். இது மற்றொன்று.

இங்கிலாந்தின் ஒரு கல், ஸ்பெயினில் ஆறு கிலோகிராமாக மாறிற்று. மாற்றியவர்கள் அத்துடன் நில்லாது, அதனைத் தட்டில் இட்டு நிறுத்தும் பார்த்தனர். தனிமையில் துன்புறும் ஒரு பெண், வினாத்தாளில் தன் மொழியைக் கண்டு, தன்னையே கேட்பதாக உணர்ந்து, 'ஆம்' என்று மெல்ல எழுதுவாளாயின், அவர்கள் பட்ட பாடெல்லாம் பயன் பெற்றதாகும்.